கோயம்புத்தூர் வின்டேஜ் கார் சுற்றுலா: 1,380 வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு எழுதும் எச்சரிக்கை

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் செல்லத் திட்டமிட்டிருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அவிநாசி சாலையில் இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குச் ‘சிறப்பு மரபுச் சுற்றுலா’ ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி என்னிடம் 1,380 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்ட ஒருவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. அவருடைய விளம்பரத்தைத் தன் பக்கத்தில் வைத்திருந்த சுற்றுலா முன்பதிவுத் தளமோ, இன்று மாலை அனுப்பிய கடைசிப் பதிலில், தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டது. கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்றார் என் கணவர். நான் ஆறும்வரை அந்த விளம்பரம் காத்திருக்காது என்பதால் இன்றிரவே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் பெயரை வைத்துப் பணம் பறிக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் அப்பாவின் நெடுநாள் ஆசை. அவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவர். இங்கே வந்து பேருந்துப் பணிமனையில் இயந்திரப் பழுது பார்ப்பவராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஜி.டி. நாயுடு என்ற பெயர் எங்கள் வீட்டில் உறவினர் பெயரைப் போலப் புழங்கியது. கோவை மாவட்டத்துக் கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்து, 1920இல் ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, அதை யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்த்த மனிதர் அவர். அந்த வழித்தடம் உடுமலைப்பேட்டை வழியாகவே செல்வது. என் தாத்தா அந்தப் பேருந்துகளில் பழனிக்குப் போய் வந்த கதையை அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார், நான் என் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். நாயுடு 1974இல் காலமானார். அவர் குடும்பத்தார் சேர்த்துப் பாதுகாத்த கார்கள் 2015இல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாளிலிருந்து, ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் திருமணம், சாவு, நிலப் பத்திரம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்து, அப்பா அங்கே போகாமலேயே திரும்பிக்கொண்டிருந்தார்.

அங்கே கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் ஒற்றை உருளை இயந்திரம். ஒரு குதிரைத் திறனைக்கூட எட்டாது. இயந்திரத்தின் சுழற்சியைச் சீராக வைக்கும் பெரிய உருள்சக்கரம் (ஃபிளைவீல்) படுக்கை வசத்தில் சுழலும்படி பின்புறத்தில் வெளியே தெரியப் பொருத்தப்பட்டிருக்கும். நின்றபடி சுழலும் உருள்சக்கரங்களோடே வாழ்நாளைக் கழித்த அப்பாவுக்கு, அந்தப் படுத்த சக்கரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோன மனிதர் அவர். தள்ளிப்போட இனிக் காலம் இல்லை என்பதால்தான் இந்த ஆண்டு ஜூன் என்று முடிவு செய்தோம். அப்பா, அம்மா, நான், என் மகன் என நால்வர். இங்கிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். விமானச் சீட்டு வாங்கிய பிறகு, முதியவரை அங்கே எப்படிச் சிரமமில்லாமல் சுற்றிக்காட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தபோது இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

பலர் தங்கள் சுற்றுலாச் சேவைகளைப் பட்டியலிட்டு விற்கும் ஒரு முன்பதிவுத் தளம் அது. விளம்பரம் தமிழிலேயே, பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. விடுதியிலிருந்து வேனில் அழைத்துச் செல்வது, அருங்காட்சியகத்தில் தனி வழிகாட்டி, மதியம் வாழையிலைச் சாப்பாடு, அதன் பின் 1930களைச் சேர்ந்த ஒரு வின்டேஜ் காரில் பொள்ளாச்சிச் சாலையில் ஒரு மணி நேரச் சவாரி, முதியோருக்குச் சக்கர நாற்காலி. தலைக்கு 345 வெள்ளி. நால்வருக்கு 1,380 வெள்ளி. விலை கூடுதல்தான். ஆனால் தாத்தா பேருந்தில் போன அதே சாலையில் அப்பா பழைய கார் ஒன்றில் போவார் என்பதற்காக அந்த விலையைக் கொடுக்க நான் மனதாரத் தயாராக இருந்தேன், அதை அந்த ஆள் நன்றாகப் புரிந்துகொண்டார்.

விளம்பரப் படத்தின் மூலையில் ஒரு சிங்கப்பூர்க் கைத்தொலைபேசி எண் இருந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டேன். உடனே பதில் வந்தது. அப்பாவின் வயது என்ன, எந்த ஊர், எந்தக் காலில் வலி அதிகம், மாடிப்படி ஏறுவாரா, மதியம் மாத்திரை எத்தனை மணிக்கு என்றெல்லாம் அவர் கேட்டார். இத்தனை பேரிடம் விசாரித்ததில் அப்பாவின் மாத்திரை நேரத்தைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பிறகு ஒரு குரல் பதிவு அனுப்பினார். “ஏனுங்கக்கா, நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க. ஐயாவெ எங்கப்பா மாதிரி நானே கூட்டிட்டுப் போயி, ஒவ்வொரு காரா நிறுத்தி நிதானமாக் காட்டிக் கூட்டியாறனுங்க.” கொங்குத் தமிழ், அப்பாவின் சொந்த ஊர்ப் பேச்சு. அந்தப் பதிவை அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். மறுபடி ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நம்ம பக்கத்துப் பையன்தான்” என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தக் கேள்வியும் எழவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. பணம் பறித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு முதியவரின் ஊர்ப்பேச்சை வைத்தே அவரை நம்ப வைத்தது இருக்கிறதே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

தளத்தின் வழியாக அட்டையில் கட்டினால் அவர்களுக்குத் தரகு போவதால் விலை 15 விழுக்காடு கூடும் என்றும், வங்கிக் கணக்குக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் பேநவ் சேவை மூலம் நேரடியாக அனுப்பினால் இதே விலைதான் என்றும் சொன்னார். ஜூன் மாதத்தில் அந்தக் கார் உரிமையாளரிடம் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருக்கிறது, இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார். பேநவ் திரையில் வேறொரு தனிநபர் பெயர் வரும், அது எங்கள் பங்குதாரர் பெயர், குழம்பிக்கொள்ள வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பாகவே சொல்லிவைத்தார். நிறுவனத்தின் பதிவு எண்ணையும் அனுப்பினார். 1,380 வெள்ளி ஒரே தவணையில் போயிற்று. அன்றிரவே அழகாக அச்சிட்டது போன்ற ஒரு சீட்டு வந்தது. அருங்காட்சியகத்தின் படம், எங்கள் நால்வர் பெயர், தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தன.

அந்தத் தேதிதான் முதலில் இடித்தது. நாட்காட்டியில் குறித்துவைக்கும்போது பார்த்தேன். அது ஒரு திங்கட்கிழமை. அந்த அருங்காட்சியகத்துக்குத் திங்கள் வார விடுமுறை. ஆண்டுக்கணக்கில் அங்கே ஆட்களை அழைத்துச் செல்வதாகச் சொல்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவரிடம் கேட்டேன். சிறப்புக் குழுக்களுக்காகத் திங்களன்று தனியாகத் திறந்துவிடுவார்கள், அதனால்தான் இந்த விலை என்றார். அருங்காட்சியகத்தையே தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, எங்கள் பெயரில் எந்த முன்பதிவும் இல்லை, அந்த நிறுவனத்தைக் கேள்விப்பட்டதும் இல்லை என்றார். திறந்திருக்கும் நாளில் நேரே வந்து சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா என்றும் சொன்னார். என் நெஞ்சு படபடத்தது அப்போதுதான்.

கார் சவாரியைப் பற்றியும் தேடிப் படித்தேன். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, முதல் வடிவம் பெரிதாக மாற்றப்படாமல் பாதுகாக்கப்படும் வாகனங்களை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்கிறார்கள். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து ‘விஏ’ என்ற ஆங்கில எழுத்துகள் வரும். அப்படிப் பதிவான வாகனத்தைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்காகத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. ஆக, தலைக்கு 345 வெள்ளி வாங்கிக்கொண்டு 1930களின் வின்டேஜ் காரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது அந்த விதிக்கே ஒவ்வாது. நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது; சிங்கப்பூரிலும் 1940க்கு முன் செய்யப்பட்ட கார்களைச் சிறப்புத் திட்டத்தின் கீழ் பதிவு செய்து, ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டுமே வெளியே எடுக்க அனுமதிக்கிறார்கள். வாடகைக்கு ஓட்டுவதற்காக அவை இல்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அவ்வளவு பழைய இயந்திரத்தை தினமும் ஆள் ஏத்தி ஓட்டுனா அது தாங்காதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதும் அந்த ஆளின் தமிழே மாறிவிட்டது. ‘அக்கா’ போய் ‘மேடம்’ வந்தது. குரல் பதிவு போய், வெட்டி ஒட்டிய ஆங்கில வாசகங்கள் வந்தன. முதலில், மேலாளர் ஊரில் இல்லை, வந்ததும் பேசுவார் என்றார். பிறகு, கார் உரிமையாளருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அதை அவர் தந்தால்தான் நாங்கள் தர முடியும் என்றார். நான் விடாமல் கேட்டதும், பணமாகத் தர இயலாது, அடுத்த ஆண்டு இறுதிவரை செல்லுபடியாகும் வரவுச்சீட்டு தருகிறோம், வேறு எந்தச் சுற்றுலாவுக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அருங்காட்சியகத்தோடு பேசிவிட்டேன் என்று சொன்னேன். அங்கே தொலைபேசி எடுப்பவர்களுக்கு எதுவும் தெரியாது, நாங்கள் மேலிடத்தில் பேசி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அப்பாவே ஒருமுறை அவரை அழைத்தார். “தம்பி, நாங்க வரல, பணத்தை மட்டும் அனுப்பிடுப்பா” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்பட்டது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, இணைப்பு சரியில்லை போலிருக்கிறது என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார். அதன் பிறகு நான் அனுப்பும் செய்திகளில் ஒற்றைக் குறிதான் நிற்கிறது. அவர் என்னைத் தடுத்துவிட்டார்.

முன்பதிவுத் தளத்தின் நடத்தை இதைவிட எரிச்சலூட்டியது. முதலில் வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் ஓர் இயந்திரம்தான் பதில் சொன்னது. முன்பதிவு எண்ணைக் கொடுங்கள் என்று கேட்கும். இல்லை என்றால் உரையாடலை முடித்துக்கொள்ளும். ஒரு வழியாக மனிதர் ஒருவர் பதில் எழுதினார். பணம் தங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டிருப்பதால் அது விற்பனையாளருக்கும் எனக்கும் இடையிலான விவகாரம் என்றார். சரி, அந்த விற்பனையாளரின் கைத்தொலைபேசி எண் உங்கள் பக்கத்தில் உள்ள படத்தில் அச்சாகியிருக்கிறதே, அதை நீங்கள் பார்த்துத்தானே வெளியிட்டீர்கள் என்று கேட்டேன். என் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. விளம்பரத்தையாவது நீக்குங்கள் என்றேன். உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். இதை எழுதுவதற்குச் சற்று முன் பார்த்தேன். விளம்பரம் அப்படியே இருக்கிறது, பாராட்டுரைகளோடு. அந்தப் பாராட்டுரைகளை இப்போது நிதானமாகப் படித்தால், எல்லாமே ஒரே மாதிரியான நடையில் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை என்று தெரிகிறது. யார் எழுதியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு எண் கொடுத்தாரே, அதையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் நம்பிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஒரு வணிகத்தைப் பதிவு செய்வது வேறு, பயண முகவர் உரிமம் பெறுவது வேறு. சுற்றுலா விற்பவர்கள் பயண முகவர்கள் சட்டத்தின்படி சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். இவர்கள் பெயர் அதில் இல்லை. எனக்கு அனுப்பிய எண் ஏதோ ஒரு வணிகத்தின் பதிவு எண் மட்டுமே.

வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவை அழைத்தபோது, பேசிய அதிகாரி பரிவோடுதான் பேசினார். ஆனால் பணம் அந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றார். மோசடியில் போன பணத்துக்கு வங்கி போன்றவையும் பொறுப்பேற்க வகை செய்து 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த பொறுப்புப் பகிர்வு ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டேன். போலி இணைப்பின் மூலம் நம் கணக்குக்குள் வேறொருவர் புகுந்து பணத்தை எடுக்கும் மோசடிக்குத்தான் அது பொருந்துமாம். நாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாதாம். அட்டையில் கட்டியிருந்தால் வங்கி மூலம் அந்தக் கட்டணத்தை எதிர்த்து முறையிட வழி இருந்திருக்கும். 15 விழுக்காடு கூடும் என்று அந்த ஆள் எதற்காகச் சொன்னார் என்பது இப்போது விளங்குகிறது. என்னைப் பேநவ் பக்கம் தள்ளிவிட்டால், 1,380 வெள்ளி திரும்பி வருவதற்கான எல்லா வாசலும் அடைபட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

காவல்துறையில் இணையம் வழியாகப் புகார் கொடுத்தாயிற்று. குரல் பதிவு, சீட்டு, உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் தேவையில்லை. எதிராளி யார் என்று தெரிந்தால்தானே வழக்குப் போடுவது? பேநவ் திரையில் வந்த பெயருக்கு உரியவர், தன் கணக்கை யாருக்கோ வாடகைக்கு விட்டவராகவும் இருக்கலாம் என்று காவல்துறையில் சொன்னார்கள். 1,380 வெள்ளி எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறிய தொகை இல்லை. அம்மா தன் சேமிப்பிலிருந்து பாதியைக் கொடுத்திருந்தார்.

நிதானமாக ஆலோசனைகள் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். இந்த நேரத்தில் மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்துக்குப் போக இடைத்தரகர் யாரும் தேவையில்லை. திங்கள் தவிர்த்து மற்ற நாட்களில், புறப்படுவதற்கு முன் அங்கேயே அழைத்து நேரத்தை உறுதி செய்துகொண்டு, நேரில் சீட்டு வாங்குங்கள். விமான நிலையமும் அவிநாசி சாலைப் பக்கம்தான், வாடகைக் கார் போதும். யாராவது வின்டேஜ் காரில் ‘சவாரி’ விற்றால் உடனே விலகிவிடுங்கள். தளத்துக்கு வெளியே பேநவ் அனுப்பச் சொன்னாலோ, பெறுபவர் பெயர் வேறாக இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னாலோ, அதற்கு மேல் பேச்சை வளர்க்காதீர்கள். உரிமப் பட்டியலைப் பாருங்கள். ஐயம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

விளம்பரம் இன்னும் நீக்கப்படவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக்குத் தலைக்கு 345 வெள்ளி என்று, கொங்குத் தமிழில் பேசும் ஒருவரிடம் நீங்களும் சீட்டு வாங்கியிருந்தால், அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள். அவரிடம் கேட்டால் பணத்தை வேறு கணக்குக்கு மாற்ற அவருக்கு நேரம் கிடைத்துவிடும். பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். புகார்கள் பல சேர்ந்தால் ஒரே ஆள்தான் என்று அவர்களால் இணைத்துப் பார்க்க முடியும் என்று விசாரணை அதிகாரி சொன்னார். அந்தக் குரல் பதிவு உங்களிடமும் இருந்தால் தயவுசெய்து அழிக்காமல் வைத்திருங்கள்.